பொட்டு வைத்த தட்டு

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க மாட்டேன். நீ நலமாக இல்லை என்பதை உன் சிநேகிதன் சேகர் நேற்று சாயங்காலம் நம் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டான். உன் தோல் பெல்ட்டையும் பளு தூக்கும்போது போடுகிற ஷூவையும் வாங்கிவரச் சொல்லி அவனை அனுப்பியிருக்கிறாய். நேரில் வர உனக்கு மனம் இல்லை. அவனுக்குக் காபி கொடுத்து உட்காரவைத்து, தாம்பரத்தில் அந்த அறையில் என்ன சாப்பிடுகிறாய், எந்த ஜிம்முக்குப் போகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அவன். "தோள்பட்டை வலிக்கு ஊசி போட்டுக்கினு தூக்கறான்மா. வாரத்துக்கு ரெண்டு தபா. கம்பவுண்டர் ஒருத்தர் கீறாரு, அவரே ரூமுக்கு வந்து போட்டுட்டுப் போறாரு" என்றான். கையில் இருந்த டம்ளரைத் தூக்கி அடிக்கலாமா என்று எனக்கு வந்தது. ஆனால் அவன் என்ன செய்வான்? நாளைக்கு வா, கடிதம் ஒன்று தருகிறேன், எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப்போ என்று அனுப்பிவிட்டேன். இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பெல்ட்டைக் கட்டு.

கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆறின பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் இதை எழுதவே மாட்டேன். நான் உன்னைப் பளு தூக்குவதையே நிறுத்தச் சொன்னேன், அதனால்தான் வீட்டைவிட்டு வந்தேன் என்று சேகரிடம் சொல்லியிருக்கிறாயாம். அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. தீபாவளி கழித்து மெட்ராஸில் விளையாட்டுக் கோட்டாவில் ஆள் எடுக்கிறார்கள், போன வருஷம் கோட்டை விட்டாய், இந்த வருஷமும் விட்டால் வயது தாண்டிவிடும், அதற்குப் பிறகு நிரந்தரச் சர்க்கார் வேலை உனக்குக் கனவுதான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நான் உன்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. உன் இடது கை பலவீனம் இல்லை, ஆறு வருஷமாக நீ வலது பக்கம் மாட்டிக்கொண்டிருந்த தட்டு கனம் அதிகம், உன் உடம்பு அதற்குத் தகுந்தபடி கோணலாகப் பழகியிருக்கிறது என்றேன். அதற்கு நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைக்கூட மன்னித்திருப்பேன். பிறகு பேசினாயே, அதுதான். "அரிசி மூட்டய எடை போட்டுக்கினு கீற உனக்கு இதப் பத்தி இன்னாமா தெரியும்? ரெண்டு கிலோ வித்தியாசத்தப் பேச வந்துட்ட. உங்க மில்லுல மூட்டைக்கு அடிக்காத எடையா?" என்று கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போனவன்தான். மூன்று வாரம் ஆகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன், பொறு.

முதலில் தட்டின் கதையைச் சொல்கிறேன். நீ பாதிதான் அறிவாய். உனக்குப் பதினாறு வயதில் பளு தூக்குகிற பைத்தியம் பிடித்தது. நீயும் சேகரும் இன்னும் மூன்று பையன்களும் கல் தூக்கினீர்கள், மாட்டு வண்டி அச்சைத் தூக்கினீர்கள். பார்க்கச் சகிக்காமல் உன் அப்பா ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தான் டர்னராக வேலை பார்க்கிற கம்பெனியில் கழிவுத் தகடு கேட்டு வாங்கி, வட்டமாக வெட்டி, லேத்தில் கடைசல் பிடித்து, சைக்கிள் கேரியரில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தார். பாரையும் அவரே செய்தார். பெரிய தட்டு இரண்டிலும் இருபது என்று வெள்ளைப் பெயின்டில் எழுதினார். அவருடைய கையெழுத்துக்கு அது ரொம்ப அழகு. பின்பக்கக் கொட்டகையில் அதையெல்லாம் வைத்தபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். சைக்கிள், தையல் மிஷின், அரிவாள்மணை எல்லாம் முடித்துக் கொட்டகைக்கு வரும்போது கிண்ணத்தில் சந்தனம் ஒரு விரலுக்குத்தான் மிச்சம். ஒரு பெரிய தட்டுக்கு மட்டும் வைத்தேன். மற்றது மூளியாக நின்றது. "பொட்டு வச்சது எப்பவும் சோத்துக்கைப் பக்கமே இருக்கட்டும்டா, எடம் மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். இதைச் சொன்னவள் நான். உன் மேல் கத்துவதற்கு முன்னால் இதை ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் ஐந்து பேரும் என் பேச்சை வேறு எதிலாவது கேட்டிருந்தால் எவ்வளவோ உருப்பட்டிருப்பீர்கள். அரிசி களைந்து வை என்றால் காது கேட்காது. இது மட்டும் வேதவாக்கு ஆகிவிட்டது. ஒரு நாள் சேகர் மறந்துபோய் அந்தத் தட்டை இடது பக்கம் மாட்டினான். அன்றைக்கென்று பார் கோணிக்கொண்டு விழுந்து உன் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது. ஏன் கோணியது என்று ஒருத்தனாவது யோசித்தீர்களா? சாமி குத்தம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பொட்டு அழியக் கூடாது என்று சிவப்பு ஆயில் பெயின்ட் வாங்கிவந்து அதே இடத்தில் வைத்தாய். ஆறு வருஷம், ஒரு நாள் தவறாமல், சிவப்புப் பொட்டு வலது பக்கம். எனக்கு அதைப் பார்க்க நெஞ்சு நிறைந்துதான் இருந்தது, அந்தக் கண்ணராவியையும் எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் மெட்ராஸில் நடந்த தேர்வுக்கு நானும் உன் அப்பாவும் வந்திருந்தோம். ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துவதை ஸ்நாட்ச் என்பீர்களே, அதில் உனக்கு மூன்று வாய்ப்பு. வீட்டில் விளையாட்டாகத் தூக்குகிற எடைதான். மூன்று தடவையும் இடது முனை தாழ்ந்தது, முழங்கை மடங்கியது, செல்லாது என்று விட்டார்கள். மூன்றாவது தடவை நீ பாரைப் போட்டுவிட்டு உன் இடது கையை முறைத்தாய் பார், அது என்னவோ உன்னை வேண்டுமென்றே காட்டிக்கொடுத்த மாதிரி. அங்கே இருந்த மாஸ்டர் ஒருவர், உனக்கு இடது பக்கம் வீக், அதைத் தேற்று என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்தது ஒரு நாள், அவர் கண்ணுக்குத் தெரிந்தது தாழ்ந்த பக்கம். ஆனால் நீ? அன்றிலிருந்து அந்த இடது கையைப் போட்டு வதைத்தாய். தண்ணீர்க் குடத்தை இடது கையால்தான் தூக்குவேன் என்றாய், கிணற்றில் இடது கையால் இறைத்தாய், இடது கைக்கு மட்டும் தனியாக நூறு தடவை, இருநூறு தடவை. எட்டு மாதத்தில் இடது கை வலது கையைவிடப் பருத்தது. பார் சாய்ந்தது சாய்ந்தபடியே இருந்தது. தோள்பட்டைதான் வீங்கியது. தலைவாரச் சீப்பை அந்தக் கையால் தூக்க முடியாமல் நீ கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வாரினதை நான் கதவுச் சந்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்கு உறுத்தியது இதுதான். இடது கை வீக் என்றால் நம் கொட்டகையிலும் பார் இடது பக்கம் சாய வேண்டும். இங்கே ஏன் நேராக நிற்கிறது? வெளியூர்ப் பாரில் மட்டும் ஏன் சாய்கிறது? உன்னிடம் கேட்டேன், "அங்க டென்ஷன்மா" என்றாய். டென்ஷனுக்கு இடது வலது தெரியுமா? தோள் வீக்கத்தில் நீ தூக்காமல் இருந்த வாரம் கொட்டகைக்குப் போய் அந்தப் பாரைப் பார்த்தேன். ஆறு வருஷம் கை பட்டுப் பட்டு இரண்டு இடம் பளபளவென்று இருந்தது. தையல் நூலை எடுத்து, இடது கைத் தடத்திலிருந்து அந்த முனைத் தட்டு வரை அளந்தேன். அதே நூலை வலது பக்கம் வைத்தால் ஒரு விரற்கடை மிச்சம். உன் இரண்டு கையும் பாரின் நடுவில் இல்லை, வலது பக்கமாக நகர்ந்து இருந்தது. எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம்தான் கை போகும். கூடையில் ஒரு ஓரமாகக் கல் இருந்தால் எந்தப் பொம்பளையும் அப்படித்தான் பிடிப்பாள், அதற்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை.

மறுநாள் பொட்டில்லாத சாதாத் தட்டைக் கோணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போக வாலாஜாபாத் பஸ் ஏறினேன். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு நம் பக்கம் கோணிப்பையோடு போகிறவர்களைப் போலீஸ் சும்மா விடுவதில்லை. பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறினார் ஒருவர். "இன்னாமா கோணில?" என்றார். இரும்புத் தட்டு என்றேன். "எதுக்கு?" என்றார். "எம்புள்ள தூக்கறது சார்" என்றேன். "உம்புள்ள தூக்கறத நீ ஏம்மா தூக்கினு போற?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அதற்கு அடுத்த நாள் பொட்டுத் தட்டு. நல்லவேளை, அன்றைக்கு அவர் இல்லை. மில்லில் பிளாட்பாரத் தராசில் வைத்துப் பார்த்தேன். சாதாத் தட்டு இருபதுக்குச் சரியாக நின்றது. பொட்டுத் தட்டு இருபத்திரண்டுக்குக் கொஞ்சம் கீழே. முத்திரை போட்ட படிக்கல்லை வைத்துத் தராசைச் சோதித்து, மறுபடியும் நிறுத்தேன். மூன்று தடவையும் அதே எடை.

அன்று உன் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கால் கழுவுவதற்குள் கேட்டேன். அவர் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. "ஆமா, தெரியும். ரெண்டுக்கும் ஒரே தகடு கெடைக்கல, அது கொஞ்சம் தடிமன். கடைசல் புடிக்கறப்ப சூப்பர்வைசர் வந்துட்டாரு, அப்பால பாத்துக்கலாம்னு எடுத்துக்கினு வந்துட்டேன்" என்றார். "ஆறு வருசமா அப்பால பாத்துக்கினே கீறியா?" என்றேன். "பசங்க பக்கம் மாத்தி மாத்தித்தானே போடுவானுங்க, அதுல சரியாப் பூடும்னு நெனச்சேன்" என்றார். நான் இடம் மாற்றாதே என்று சொன்னது அவருக்குத் தெரியாது. அவர் தட்டைச் சரிபண்ணாமல் விட்டது எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருபத்தைந்து வருஷமாகச் சோறு தின்கிறோம். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தில் இரண்டு நாள் தட்டில் சோற்றை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பினேன். மூன்றாம் நாள் அவராகவே அந்தத் தட்டைச் சைக்கிளில் கட்டிப் படப்பையில் தெரிந்தவர் லேத்துக்குக் கொண்டுபோய், தேய்த்துச் சரியாக்கிக்கொண்டு வந்தார். மறுபடி மில்லில் நிறுத்தேன். இப்போது இரண்டும் ஒன்று. இதையெல்லாம் உன்னிடம் சொல்ல உட்கார்ந்த அன்றுதான் நீ மில்லில் அடிக்கிற எடையைப் பற்றிக் கேட்டாய்.

கேட்டாய் அல்லவா, பதிலை வாங்கிக்கொள். அடித்தோம். பழைய முதலாளி இருந்தபோது, நெல் கொண்டுவருகிற குடியானவனுக்கு மூட்டைக்கு அரைக் கிலோ குறைத்து எழுதச் சொன்னார். எழுதினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருஷம் எழுதினேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறு காரணம் இல்லை. நீ பள்ளிக்கூடம் விட்டு மில்லுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய், உனக்கு விளங்காது என்று நினைத்திருந்தேன். விளங்கியிருக்கிறது. அதற்காக நான் வெட்கப்படுகிறேன். ஆனால் நீ அறியாதது ஒன்று உண்டு. புது முதலாளி வந்து, அதெல்லாம் வேண்டாம், உள்ளதை உள்ளபடி எழுது என்று சொன்ன பிறகும் என் கை குறைத்தே எழுதியது. கண் அறுபத்தெட்டரையைப் பார்க்கும், கை அறுபத்தெட்டு என்று எழுதும். எனக்கே தெரியாமல். ஒரு குடியானவர் சீட்டைக் காட்டி, "இன்னாமா இது, முள்ளு ஒண்ணு காட்டுது நீ ஒண்ணு எழுதற?" என்று எல்லார் முன்னாலும் கேட்டபோதுதான் நான் என் கையைப் பார்த்தேன். மனசு திருந்தினால் கையும் திருந்திவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அப்படி இல்லை. கையைத் தனியாகத் திருத்த வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டைக்கும் எடையை முதலில் வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லி, எதிரில் நிற்கிறவர் ஆமாம் என்ற பிறகுதான் எழுதினேன். கை திருந்த நாலு மாதம் ஆயிற்று. ஆகவே கோணலாகப் பழகின கை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அரிசி மூட்டை எடை போடுகிறவளுக்கு இது தெரியும்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தாம்பரத்து ஜிம்மில் சரியான பார், சரியான தட்டு, அங்கே எந்தப் பக்கம் சாய்கிறது என்று சேகரிடம் கேட்டேன். இடது என்றான். சாயாமல் என்ன செய்யும்? நீ இல்லாத கனத்துக்காக வலது பக்கம் கூடுதலாக இழுக்கிறாய், கையையும் ஒரு விரற்கடை தள்ளிப் பிடிக்கிறாய். அப்புறம் இடது கையைத் திட்டி அதற்கு ஊசி போடுகிறாய். வலி என்பது உடம்பு வாய்விட்டுச் சொல்வது. அதன் வாயைப் பொத்திவிட்டுத் தூக்கினால் எங்கே கிழிகிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கம்பவுண்டரை இனிமேல் அறை வாசலில் பார்க்கக் கூடாது. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய் எலும்பு டாக்டரிடம் காட்டு. அவர் தூக்கவே கூடாது என்றால் தூக்கக் கூடாது. கொஞ்ச நாளில் லேசாகத் தூக்கலாம் என்று அவர் சொன்னால், தட்டே இல்லாத வெறும் பாரை எடு. நூல் வைத்து நடுவை அளந்து, அங்கே ஒரு துணியைக் கட்டு. அதிலிருந்து இரண்டு கைக்கும் ஒரே அளவு. உன் கைக்கு அது தப்பாகத் தோன்றும், வலது பக்கம் நகரச் சொல்லி அரிக்கும். நகராதே. கண்ணை மூடிக்கொண்டு தூக்கு, மேலே நிறுத்து. எதிரில் சேகர் நிற்கட்டும். எந்த முனை தாழ்ந்திருக்கிறது என்று முதலில் நீ சொல், பிறகு அவன் சொல்லட்டும். இருவரும் சொல்வது ஒன்றாகிற வரைக்கும் ஒரு கிலோகூட ஏற்றாதே. நேரான பார் உனக்கு முதலில் கோணலாகத்தான் இருக்கும். அதைத் தாங்கிக்கொள். கத்தி, மூச்சடக்கி, எடை கூட்டிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதே. எடை கூடினால் கோணலும் கூடவே சேர்ந்து கூடும், போன வருஷம் மெட்ராஸில் அதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

அதற்குள் தீபாவளி வந்துவிடும், நேரம் போதாது என்பாய். போதாமல் போகலாம். அந்த வேலை உனக்குக் கிடைக்காமலும் போகலாம். ஒரு தட்டு, ஒரு விரல் சந்தனம், அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்ட ஒரு கடைசல், இவ்வளவு அற்பமான விஷயத்துக்கு என் பிள்ளையின் ஆறு வருஷம் போயிற்றே என்று ஆத்திரமாக இருக்கிறது. எங்கள் இரண்டு பேர் மேலும் உனக்குக் கோபம் வரவேண்டியதுதான். வரட்டும். ஆனால் அந்தக் கோபத்தை உன் தோளில் ஊசியாகக் குத்திக்கொள்ளாதே. உன் அப்பா இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்தேன். கேட்டுவிட்டு, "நான்தான் தப்புப் பண்ணேன்னு எழுதிடு" என்று மட்டும் சொன்னார். எழுதிவிட்டேன்.

தேர்வு அன்றைக்கு நான் வருகிறேன். நீ கூப்பிட வேண்டாம், உன்னோடு பேசவும் மாட்டேன், மேலே ஜனங்களோடு உட்கார்ந்துகொள்வேன். தோள் ஆறி, டாக்டர் சம்மதித்து, நீ தூக்கினால் எவ்வளவு குறைந்த எடையாக இருந்தாலும் கை தட்டுவேன். ஆனால் ஊசி போட்டுக்கொண்டு மேடை ஏறினாய் என்றால் எனக்குத் தெரிந்துவிடும், சேகருக்குப் பொய் வராது. எழுந்து வந்து, எடை எழுதுகிற மேஜைக்கு முன்னால் நின்று, நான் இவன் அம்மா, இவன் தோள் கெட்டிருக்கிறது, ஊசியில் தூக்குகிறான், பேரை அடித்துவிடுங்கள் என்று ஊர் கேட்கச் சொல்வேன். அடித்துவிடுவார்கள். வேலை போகும், வயதும் தாண்டிவிடும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் நீ என் முகத்தில் விழிக்க வேண்டாம். எனக்கு வயதாகி ஒரு நாள் உன் வீட்டு வாசலில் வந்து நின்றால், என்னைப் பிடித்து வெளியே தள்ளு. இரண்டு கையாலும் தள்ளு.

இப்படிக்கு,
அம்மா